மாமாவின் இறுதித் தீர்ப்பு இன்னும் முடியவில்லை

திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் என் மாமா வீட்டு வளவுக்குள் ஒரு பழைய டிப்பர் நிற்கிறது. சில்லைச் சுற்றிப் புல் முளைத்துவிட்டது. சாரதி ஆசனத்துக்குக் கீழே கோழி அடை கிடக்கிறது. மற்ற இரண்டு டிப்பர்களையும் 2022இல் லீசிங்காரர் கொண்டுபோய்விட்டார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். ஏனென்றால் மாமா வழக்கில் தோற்றவர் இல்லை, வென்றவர்.

2016இல் எங்கள் மாவட்டத்தில் ஓர் அரச திணைக்களத்துக்கு வீதியும் மதகுகளும் செய்துகொடுத்தார். நடுவில் வெள்ளம் வந்து, கொட்டிய கிரவல் எல்லாம் அள்ளுண்டு போனது. திரும்ப நிரப்பச் சொல்லித் திணைக்களப் பொறியியலாளரே கையெழுத்து வைத்தார். வேலை முடிந்து பில் போட்டபோது அந்த மேலதிக வேலைக்குக் காசு இல்லை என்றார்கள். வேலைக்கு உத்தரவாதமாகப் பில்லில் பிடித்து வைத்த பணமும் வரவில்லை. பிணக்கு வந்தால் நடுத்தீர்ப்புக்கு, அதாவது நீதிமன்றத்துக்கு வெளியே ஒரு நடுவரிடம், போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. போனார். 2021இல் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது.

ஊரில் பலர் இதை மத்தியஸ்த சபை என்று நினைக்கிறார்கள். அது வேறு. அங்கே இரண்டு பக்கமும் சம்மதித்தால்தான் முடிவு. நடுத்தீர்ப்பாளர் சாட்சி கேட்டு, அளவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, தீர்ப்பே சொல்லுவார். 1995ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நடுத்தீர்ப்புச் சட்டம் அந்தத் தீர்ப்பு இறுதியானது, இரு தரப்பையும் கட்டுப்படுத்துவது என்கிறது. அந்த வரியை மாமாவுக்கு நான்தான் தமிழில் சொன்னேன். "இறுதி எண்டால் பிறகென்ன தம்பி, காசைத் தர வேண்டியதுதானே?" என்று கேட்டார். என்னிடம் பதில் இருக்கவில்லை.

தராவிட்டால் வென்றவர் மேல் நீதிமன்றத்துக்குப் போய்த் தீர்ப்பை நடைமுறைப்படுத்தக் கேட்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய ஒரு வருட அவகாசம். தோற்றவர் 60 நாளுக்குள் அதைத் தள்ளுபடி செய்யக் கேட்கலாம். ஆனால் காரணங்கள் எண்ணி எடுக்கக்கூடியவை: ஒப்பந்தம் செல்லாது, உரிய அறிவித்தல் கிடைக்கவில்லை, கேட்காத விடயத்துக்குத் தீர்ப்புச் சொல்லப்பட்டது, பொதுக் கொள்கைக்கு விரோதம் போன்றவை. எத்தனை கியூப் கிரவல் போனது என்று நீதிபதி மறுபடி கணக்குப் பார்க்க முடியாது. ஆனால் மாமாவின் வழக்கில் இரண்டு வருடம் பேசப்பட்டது கிரவல்தான், பொதுக் கொள்கை என்ற பெயரில். மேல் நீதிமன்றம் மாமா பக்கம் நின்றது. சட்டப் பிரச்சினை ஒன்று இருக்கிறது என்று மேன்முறையீட்டுக்கு அனுமதி கேட்டு, திணைக்களத்தார் இப்போது அதற்கும் மேலான உயர் நீதிமன்றத்தில் நிற்கிறார்கள்.

அந்தத் திணைக்களத்தில் இருப்பவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவரவில்லை. காசைக் கொடு என்று கையெழுத்து வைக்கிற அதிகாரிக்குக் கணக்காய்வு வினா வரும் என்ற பயம். மேன்முறையீடு செய் என்று கோப்பில் எழுதினால் அவரை யாரும் கேட்கமாட்டார்கள். வட்டி ஏறும், அவர் ஓய்வுபெற்றுப் போய்விடுவார். ஏறுகிற வட்டி எங்கள் வரிப்பணம். மாமாவுக்கோ வங்கி காத்திருக்கவில்லை. மத்திய வங்கியின் கடன் வழங்கல் வீதம் 2022 ஏப்ரலில் ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி ஏறி 14.5 ஆனபோது மாமாவின் மேலதிகப் பற்று (ஓவர்டிராப்ட்) என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, எல்லாம் முடிந்து தீர்ப்பாணை வந்தாலும் அரசின் கதவில் போய் ஜப்தி செய்ய முடியுமா? அரசுக்கு எதிரான வழக்கில், அரசுக்காக நிற்கிற சட்டமா அதிபருக்கு எதிராக ஆளையோ சொத்தையோ பிடிக்கும் எழுத்தாணை பிறப்பிக்க முடியாது என்று குடியியல் நடபடிமுறைக் கோவையின் 462ஆம் பிரிவு சொல்கிறது. அரசு தானாக மதித்துத் தந்தால்தான் உண்டு.

எங்கள் கிழக்கிலேயே இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 1987 ஜனவரியில் மட்டக்களப்பு, கொக்கட்டிச்சோலைப் பக்கம் இருந்த ஓர் இறால் பண்ணை படை நடவடிக்கையின்போது அழிந்தது. பண்ணையில் பங்கு வைத்திருந்தது, அப்போது பிரித்தானியாவின் கீழ் இருந்த ஹொங்கொங்கின் கம்பனி ஒன்று. 1980இல் பிரித்தானியாவோடு இலங்கை செய்த முதலீட்டு உடன்படிக்கையைக் காட்டி அது சர்வதேச நடுத்தீர்ப்புக்குப் போனது. 1990இல் 4,60,000 டொலரும் வட்டியும் கொடுக்கும்படி தீர்ப்பு வந்தது. அப்படி ஓர் உடன்படிக்கையை முன்வைத்துப் போன முதல் வழக்கு அதுதான். அந்தக் கம்பனிக்குப் பின்னால் இரண்டு நாடுகளின் கையெழுத்து இருந்தது. உப்புவெளிக்காரருக்கு என்ன இருக்கிறது?

அரசு தீர்ப்பை எதிர்க்கவே கூடாது என்று நான் கேட்கவில்லை. லஞ்சம் வாங்கிச் சொன்ன தீர்ப்பைத் தூக்கி எறியத்தான் வேண்டும். நான் கேட்பது, வழக்கு நடக்கும்போது பணம் எங்கே இருக்க வேண்டும் என்பதைத்தான். இந்தியாவில் 2016இல் அமைச்சரவைக் குழு ஒரு முடிவெடுத்தது: அரச அமைப்பு தீர்ப்பை எதிர்த்தால், வங்கி உத்தரவாதத்தை வாங்கிக்கொண்டு 75 சதவீதத்தை ஒப்பந்தகாரருக்குக் கொடுத்துவிட வேண்டும். பிறகு அதை நிதி விதிகளிலும் சேர்த்தார்கள். அரசு கடைசியில் வென்றால் காசு திரும்ப வரும். தோற்றால் வட்டி மிச்சம். இதை இங்கே செய்ய என்ன தடை?

அப்புறம் தூரம். இந்த விண்ணப்பங்கள் விசாரிக்கப்படுவது கொழும்பில். அமைச்சர், பிரதம நீதியரசரின் இணக்கத்தோடு வேறு வலயங்களையும் குறிக்கலாம் என்று சட்டத்திலேயே இடமிருக்கிறது. திருகோணமலையிலும் மேல் நீதிமன்றம் இருக்கிறது. இங்கேயுள்ள சட்டத்தரணிகள் சங்கமும் ஒப்பந்தகாரர்களும் சேர்ந்து இதையாவது எழுத்தில் கேட்க வேண்டும். கடிதத்தை நான் எழுதித் தருகிறேன், கையெழுத்து வைக்க வருகிறவர்கள் உட்பெட்டியில் சொல்லுங்கள்.

அடுத்த தவணைக்கு மாமா இரவு ரயிலில் கொழும்பில் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடைக்குப் போகிறார். வயது 71. இந்த முறை நானும் போகிறேன், அந்தக் கோப்புப் பையை அவரால் இப்போது தூக்க முடிவதில்லை.