தட்டைப் பிடுங்கியதற்குக் கைதட்டிய நல்லவர்களுக்கு

அந்த அன்னதான வீடியோவை நானும் பார்த்துவிட்டேன். இனி யாரும் இன்பாக்ஸில் அனுப்ப வேண்டாம். "குடிச்சுட்டு வந்தா இங்க சோறு கிடையாது" என்று சோறு போடும் தம்பி வரிசையில் நின்ற ஒருவரின் தட்டைப் பிடுங்குகிறார், பின்னால் நாலு பேர் விசிலடிக்கிறார்கள், கீழே இதயக்குறியாகக் கொட்டுகிறது. என் நட்புப் பட்டியலில் இருக்கும் படித்தவர்களே "சரியான பாடம்" என்று எழுதியிருக்கிறீர்கள். யாருக்கு என்ன பாடம் என்றுதான் புரியவில்லை.

சத்தத்தை அணைத்துவிட்டு இன்னொரு முறை பாருங்கள். பிடுங்குவதற்கு முன்னாலேயே அந்த ஆளின் கையில் தட்டு எப்படி ஆடுகிறது? காலை எவ்வளவு அகட்டி வைத்து நிற்கிறார்? போதை என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் பல வருடம் குடித்துச் சோற்றை மறந்த உடம்பு, ஒரு சொட்டு உள்ளே போகாத நாளிலும் அப்படித்தான் நிற்கும்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. குடிகாரனுக்குச் சோறு போடுங்கள். புத்திமதி அப்புறம்.

ஒரு குவார்ட்டரில் நானூறு கலோரிக்கு மேல் இருக்கிறது. பசி மந்தித்துப் போகும். அந்த நானூறில் புரதமும் கிடையாது, வைட்டமினும் கிடையாது. தொட்டுக்கொள்ள ஓர் ஊறுகாய் பாக்கெட், அவ்வளவுதான் விருந்து. அப்படியே கொஞ்சம் சாப்பிட்டாலும் அதிலிருக்கும் தயமினை, அதாவது பி1 சத்தை, குடல் சரியாக உறிஞ்சாமல் சாராயம் கெடுக்கும். உடம்பின் கையிருப்போ இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் வரும். சர்க்கரையை எரித்து மூளையை ஓட்டுவதற்கே பி1 வேண்டும். அது வற்றினால் குழப்பம், தள்ளாட்டம், கண்ணில் இரட்டைக் காட்சி. ஜெர்மன் மருத்துவர் கார்ல் வெர்னிக்கே இதை 1881-லேயே எழுதிவைத்துவிட்டார். கவனிக்காமல் விட்டால் ஞாபகமே நிரந்தரமாகப் போகலாம். காலையில் என்ன சாப்பிட்டார் என்று தெரியாது, அந்த ஓட்டையை மூளை ஏதாவது கதை கட்டி அடைத்துவிடும். வீட்டில் இருப்பவர்கள் "குடிகாரன் புளுகுறான்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? என் சித்தப்பாவால் தெரியும். நாமக்கல்லில் லாரி ஓட்டினார். முட்டைக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு முட்டை சாப்பிடாத மனுஷன். ராத்திரி குடிப்பார், அப்படியே படுத்துவிடுவார். பாதம் எரியுது எரியுது என்று ஈரத்துணி சுற்றிக்கொள்வார். ஒருநாள் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொன்று தெருமுனையில் கிடந்தது. கழன்று விழுந்ததே அவருக்குத் தெரியவில்லை. எல்லோரும் சிரித்தோம். நரம்பு செத்துக்கொண்டிருந்தது.

கார்த்திகையில் மாலை போட்டார். ஒரே நாளில் நிறுத்தினார். ஊரே மெச்சியது. மூன்றாம் நாள் சுவரில் இல்லாத எறும்பை நசுக்க ஆரம்பித்தார். என்றைக்கோ வேலையை விட்டுப்போன கிளீனரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தார்ப்பாயைக் கட்டச் சொன்னார். விரதத்தில் ஏதோ குற்றம் வந்துவிட்டது என்று வேப்பிலை அடித்தார்கள். அப்புறம் தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ். நம் ஊரில் எல்லா வியாதிக்கும் அதுதானே! கடைசியாக அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். பணியில் இருந்த டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வி, "பி1 ஊசி போட்டாங்களா?" பி1 வற்றிக் கிடக்கும் உடம்பில் வெறும் குளுக்கோஸை மட்டும் ஏற்றினால், மிச்சமிருக்கும் கொஞ்சமும் செலவாகி மூளை இன்னும் அடிபடலாம் என்று சித்திக்கு நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அன்றுவரை சித்தியிடம் அந்த மாதிரி யாரும் பேசியதில்லை. எல்லோரும் திட்டத்தான் செய்திருந்தார்கள்.

சரி, இனி உங்கள் கேள்விகள்.

"குடிச்சுட்டு அடிக்கிற புருஷனுக்குப் பொண்டாட்டி ஆக்கிப் போடணுமா?" நான் அப்படிச் சொல்லவில்லை. அடிக்கிறவனோடு ஒரு நாள்கூட இருக்க வேண்டியதில்லை. யார் சமைப்பது என்பது வேறு, அந்த உடம்புக்குச் சோறு தேவையா என்பது வேறு. வருடத்துக்கு 40 ஆயிரம் கோடிக்கு மேல் மது விற்று வரி எடுக்கும் அரசாங்கம் இருக்கிறதே, அது போடட்டும். எத்தனை ஊரில் மறுவாழ்வு மையமும் முறையான சாப்பாடும் இருக்கின்றன என்று அதைக் கேளுங்கள். அதைக் கேட்க விசில் வராது.

"உழைக்கிற ஏழை பசியோட இருக்கான், இவனுக்கா?" அந்த வரிசையில் நின்ற ஆள் என்ன மிராசுதாரா?

"நீங்க என்ன டாக்டரா?" இல்லை. அதனால்தான் டாக்டரிடம் போகச் சொல்கிறேன். வாட்ஸ்அப்பில் "தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்" என்று வரும் பொடியை வாங்குகிறீர்களே, அதை விற்பவர் டாக்டரா? அந்த மாதிரிப் பொடி சிலவற்றில் டைசல்ஃபிரம் என்ற குடி நிறுத்தும் மருந்து இருக்கும். அது உள்ளே போனது தெரியாமல் ஒருவர் மது குடித்தால் நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி, உயிருக்கே ஆபத்தாகலாம். அவருக்குத் தெரிந்து, அவர் சம்மதித்து, மருத்துவர் கண்காணிப்பில் கொடுக்க வேண்டிய மருந்து அது.

இன்னொரு கூட்டம் இருக்கிறது, பத்தியக் கூட்டம். ஈரல் கெட்டவனுக்கு முட்டை ஆகாது, பருப்பு ஆகாது, ரசஞ்சோறும் கீழாநெல்லியும் போதும் என்பார்கள். சித்தப்பாவுக்கும் அப்படித்தான் ஆரம்பித்தார்கள். கன்னம் ஒட்டி, தொடை குச்சியாகிப் போனது. ஈரல் சுருங்கிய நோயாளிக்கும் ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்றுதான் இன்றைய மருத்துவம் சொல்கிறது. ஐம்பது கிலோ ஆளுக்கு அறுபது கிராமாவது ஆயிற்று. ஒரு முட்டையில் ஆறு கிராம். ரசத்தில் எவ்வளவு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வயிற்றில் நீர் கோத்திருந்தால் குறைக்க வேண்டியது உப்பு, ஊறுகாய், அப்பளம்.

மருத்துவமனையில் சொன்னபடி சித்தி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கொடுத்தார். பட்டினி கிடந்த உடம்பில் ஒரேயடியாகத் திணித்தாலும் ஆபத்தாம். பாசிப்பயறு, அவித்த முட்டை, ஊறவைத்த நிலக்கடலை, கம்பங்கூழ், மோர். படுக்கும் முன் கட்டாயம் ஏதாவது ஒன்று, ஏனென்றால் கெட்ட ஈரலால் ராத்திரிக்கான சக்தியைச் சேர்த்துவைக்க முடியாது, உடம்பு தசையைக் கரைக்க ஆரம்பித்துவிடும். சோறு ரேஷன் புழுங்கலரிசிதான். முகம் சுளிக்காதீர்கள், தீட்டிய பச்சரிசியைவிட அதில் பி1 அதிகம். பி1 குறைந்தால் வரும் பெரிபெரி நோயை ஆராய 1918-ல் ஒற்றை அறையில் வேலை தொடங்கியதே நம் குன்னூரில்தான். இன்று ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பிறந்த வீடு அது.

சோறு போட்டால் குடி நின்றுவிடும் என்று நான் சொல்லவே இல்லை. மாத்திரை, ஆலோசனை, கூட வந்து உட்கார ஒரு ஆள், எல்லாம் வேண்டும். ஆனால் இவை எதையும் காதில் வாங்கவே ஒரு மூளை வேலை செய்ய வேண்டாமா? அந்த மூளைக்குத்தான் சோறு.

உறவுக் கல்யாணம் ஒன்றில் சித்தியைப் பந்தியில் வைத்தே ஒரு பெரிய மனுஷர் கேட்டார், "இன்னுமா அவனுக்கு வடிச்சுக் கொட்டுற?" சித்தப்பா பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தார். கேட்டவர் யார் தெரியுமா? ஒவ்வொரு சாவு வீட்டிலும் சித்தப்பாவுக்கு முதல் ரவுண்டை ஊற்றிக் கொடுத்தவர். ஊற்றும்போது மச்சான், சாப்பிடும்போது குடிகாரன்.

கார்த்திகை வருகிறது. தினமும் குடிக்கிற ஒருவர் உங்கள் வீட்டில் மாலை போடப் போகிறார் என்றால், சந்தோஷம், போடட்டும். அதற்கு முன் அரசு மருத்துவமனையில் ஒருமுறை காட்டி, சித்தப்பாவுக்கு ஆனது போல ஆகாமல் திடீரென நிறுத்தலாமா என்று கேளுங்கள். பி1 பற்றியும் வாய்விட்டுக் கேளுங்கள். 104 என்ற அரசு மருத்துவ உதவி எண்ணுக்குக் கூப்பிட்டாலும் வழி சொல்வார்கள். "சரியான பாடம்" என்று எழுதியவர்கள் விருப்பம் இருந்தால் அன்ஃபிரண்ட் செய்துகொள்ளலாம், எனக்கு வருத்தமில்லை.