மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி ஆவதில்லை

வணக்கம். சிங்கப்பூரில் நன்னடத்தைக்காகச் சிறைத்தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடியாகிறது, வெளியே வந்ததோடு கணக்கு முடிந்தது என்று இங்கே ஒரு பதிவில் சொல்லப்பட்டிருக்கிறது. மூன்றில் இரண்டு பங்கில் விடுதலை என்பது பெரும்பாலும் சரி. கணக்கு முடிந்தது என்பது 2014 ஜூலை 1 முதல் பொருந்தாது.

அன்று நடப்புக்கு வந்த ஏற்பாட்டின்படி, மீதிக் காலம், மறுபடி குற்றம் செய்யக் கூடாது என்ற நிபந்தனையோடு வெளியில் கழிகிறது. அதற்குள் மறுபடி குற்றம் செய்து சிறைத்தண்டனை பெற்றால், புதிய தண்டனைக்கு மேல் கூடுதல் சிறையும் விதிக்கப்படலாம். 36 மாதத் தண்டனை பெற்றவர் 24 மாதத்தில் வெளியே வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிபந்தனைக் காலம் 12 மாதம். வெளியே வந்து 4 மாதம் முடிந்ததும் திருடினால் எஞ்சியிருப்பது 8 மாதம். கூடுதல் சிறைக்கு அதுவே உச்சவரம்பு. பிடிபட்ட நாளையோ தீர்ப்பு நாளையோ பார்ப்பதில்லை, குற்றம் நடந்த நாளைத்தான் பார்ப்பார்கள். பலர் தடுமாறுவது இங்கேதான். எவ்வளவு விதிப்பது, விதிப்பதா வேண்டாமா என்பது நீதிபதியின் முடிவு. கண்டிப்பும் கருணையும் ஒரே விதியில் இருப்பதால்தான் இதைப் பாதியாகச் சொல்வது வருத்தமாக இருக்கிறது.

சரிபார்க்க, அரசாங்கத்தின் ‘சிங்கப்பூர் ஸ்டாட்யூட்ஸ் ஆன்லைன்’ தளத்தில் ‘பிரிசன்ஸ் ஆக்ட் 1933’ (சிறைச்சாலைச் சட்டம்) என்று ஆங்கிலத்தில் தேடுங்கள், இலவசம். 50எஸ் பிரிவில் நிபந்தனையும், அடுத்த பிரிவில் கூடுதல் தண்டனையும் இருக்கின்றன. உறவினர் யாராவது விடுதலையாகி வந்தால், நிபந்தனைக் காலம் எந்தத் தேதியில் முடிகிறது என்று முதலில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.