பல் வலி என்றால் சிரிப்பா வருகிறது?

கொரோனா ஊரடங்கில் பல் வலியோடு கிளம்பி, செக்போஸ்ட்டில் துண்டால் கன்னத்தைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு நிற்கிற அந்தப் பெரியவர் படத்தை நேற்றிலிருந்து எல்லோரும் பார்த்திருப்பீர்கள். நான் அதை மறுபடி இங்கே போடப் போவதில்லை. படத்துக்குக் கீழே வந்த பின்னூட்டங்கள்தான் ராத்திரி முழுக்க என்னைத் தூங்க விடவில்லை. "பல் வலியாம், நல்ல சாக்கு." "ஒரு கிராம்பைக் கடிச்சிட்டு வீட்டுல கிடக்க வேண்டியதுதானே." "பல்லுக்கெல்லாம் எமர்ஜென்சியா?" எல்லாவற்றுக்கும் வரிசையாகச் சிரிப்புக் குறி. சிரித்தவர்களில் ஏழு பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள். பெயர் சொல்ல மாட்டேன்.

பல் வலியும் வலிதான். வாயும் உடம்பில்தான் இருக்கிறது. இதை 2020-இல் ஒரு பதிவு போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் அப்பா ஆரணியில் பட்டுத்தறி நெய்கிறவர். 64 வயது, 12 வருஷமாகச் சர்க்கரை. மார்ச் 19-ஆம் தேதி வேலூரில் ஒரு கிளினிக்கில் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வேர் சிகிச்சை தொடங்கினோம். முதல் நாள் பல்லைத் திறந்து, மருந்து வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்து அனுப்பினார்கள். "அடுத்த வியாழக்கிழமை வாங்க, மறக்காதீங்க, இது ரொம்ப நாள் தாங்காது" என்றார் டாக்டர். அடுத்த வியாழக்கிழமை மார்ச் 26. ஊரடங்கு தொடங்கியது 25.

ஒரு மாதம் அந்த அடைப்பு தாங்கியது. ஏப்ரல் கடைசியில் ஒருநாள் சோறு சாப்பிடும்போது பெயர்ந்து வந்துவிட்டது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாரும் தூங்கவில்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தால் அப்பா தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர். ஒரு வாய் எடுத்து வலிக்கிற பக்கம் அடக்கிக்கொள்வார். தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கிற வரைக்கும் வலி கொஞ்சம் அடங்கும். வாய்ச் சூட்டில் அது வெதுவெதுப்பானதும் மறுபடி பிடித்துக்கொள்ளும். துப்பிவிட்டு அடுத்த வாய். ஒரு சொம்பு தீர்ந்ததும் என்னைக் கூப்பிடாமல் அவரே எழுந்து போய் மொண்டு வருவார். கிராம்பு வைக்கச் சொன்னவர்களே, கிராம்பு வைத்தோம். கிராம்பு எண்ணெய், உப்புத் தண்ணீர், மெடிக்கலில் கொடுத்த மாத்திரை எல்லாம் பார்த்தாயிற்று.

வலியோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. மெல்ல முடியாமல் அவர் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டார். சர்க்கரை மாத்திரையை மட்டும் வழக்கம்போலப் போட்டார். மே 3-ஆம் தேதி காலையில் சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்து, கை நடுங்கி, நான் பேசுவதே புரியாமல் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை இறங்கிவிட்டது. வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித்தான் அவரை மீட்டோம். ஒரு பல், தோழர்களே. ஒரே ஒரு பல்.

அடுத்த நாள் தாடை வீங்கிவிட்டது. வேலூர் டாக்டருக்குப் போன் போட்டேன். "வாய் எத்தனை விரல் அகலம் திறக்குது? எச்சில் முழுங்க முடியுதா? மூச்சு விடக் கஷ்டப்படுறாரா? வீக்கம் கழுத்துக்கு இறங்கியிருக்கா?" என்று கேட்டார். ஏன் என்று கேட்டேன். சீழ் நாக்குக்கு அடியிலும் கழுத்திலும் பரவினால் மூச்சுப்பாதையே அடைத்துக்கொள்ளும், சர்க்கரைக்காரர்களுக்கு இன்னும் ஆபத்து என்றார். "பல்லுக்கெல்லாம் எமர்ஜென்சியா" என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இதுதான். பல்லில் பிடித்த சீழால் மனிதர்கள் செத்திருக்கிறார்கள்.

ஆரணியிலிருந்து வேலூருக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் அது வேறு மாவட்டம், அப்போது சிவப்பு மண்டலம், அதாவது தொற்று அதிகம் என்று அரசு குறித்த பகுதி. போக இ-பாஸ், அதாவது அரசின் பயண அனுமதி, வேண்டியிருந்தது. உள்ளூரில் இருப்பவர் வெளியூர் போக அப்போது மூன்றே காரணங்கள்தான்: திருமணம், இறப்பு, மருத்துவ அவசரம். மூன்றாவதில் விண்ணப்பித்தேன். மூன்று தடவை விண்ணப்பித்தேன், மூன்று தடவையும் நிராகரிப்பு. விசாரித்தபோது தொலைபேசியில் ஒருவர் நல்ல குரலிலேயே சொன்னார்: "பல்லு வலின்னு போட்டிருக்கீங்களேம்மா. நெஞ்சு வலி, பிரசவம் மாதிரி ஏதாவது இருந்தா பாக்கலாம்." நெஞ்சு வலி என்று பொய் எழுதியிருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது. அந்தப் பெரியவரும் பொய் சொல்லத் தெரியாமல்தான் அங்கே நின்றிருக்கிறார்.

அதே வாரம், மே 7-ஆம் தேதி, டாஸ்மாக்கைத் திறந்தார்கள். கம்பு கட்டித் தடுப்பு, வட்டம் போட்டு இடைவெளி, வெயிலில் போலீஸ் காவல். அடுத்த நாளே நீதிமன்றம் மூடச் சொன்னது, உச்ச நீதிமன்றம் போய் 16-ஆம் தேதி மறுபடி திறந்தார்கள். குடிப்பவர்களைத் திட்ட நான் வரவில்லை. அதற்கு வரிசை அமைக்க முடிந்த கைகளால், சீழ் கட்டியவனுக்கு ஒரு நாற்காலி போட முடியவில்லையா என்பதுதான் என் கேள்வி.

"பல் டாக்டருக்கு உயிர் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறது. பல்லைக் குடைகிற ஏரோட்டர் கருவியை வாயில் வைத்தால் எச்சிலும் தண்ணீரும் புகை மாதிரி அறை முழுக்கப் பரவும் என்று எனக்கும் தெரியும். ஒற்றை ஏசி அறை, கவச உடைக்கு அலைச்சல், வாடகை வேறு. அவர்கள் மூடியதை நான் குற்றம் சொல்லவில்லை. அவர்கள் எப்படித் திறக்கலாம் என்று சொல்லியிருக்க வேண்டியவர்கள் தாமதித்ததைத்தான் சொல்கிறேன். மத்திய சுகாதாரத் துறையின் விரிவான வழிகாட்டுதல் மே 19-ஆம் தேதிதான் வந்தது. சிவப்பு மண்டலத்திலும் அவசரப் பல் சிகிச்சை செய்யலாம் என்று அதிலேயே இருக்கிறது. ஊரடங்கு தொடங்கி 55 நாள் கழித்து. அதுவரை வீங்கிய தாடைகள் எங்கே போயிருக்கும்?

"கொரோனாவில் ஜனங்கள் சாகிறார்கள், உனக்குப் பல்லா பெரிசு?" இந்தக் கேள்விதான் என்னை அதிகம் புண்படுத்துகிறது. எங்கள் தெருவிலும் தொற்று வந்த வீட்டை அடைத்துத் தகரம் கட்டினார்கள். நானும் பயந்தேன். ஆனால் ஒருவர் சாவைக் காட்டி இன்னொருவர் வலியை வாயை மூடு என்று சொல்ல உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? இது கொரோனாவோடு வந்த பழக்கமும் இல்லை. மெடிக்ளெய்ம் வைத்திருக்கிறவர்கள் எடுத்துப் பாருங்கள், விபத்தில் உடைந்தால் ஒழியப் பல்லுக்குப் பெரும்பாலும் பைசா கிடையாது. பணம் இருப்பவன் வேர் சிகிச்சை செய்து பல்லுக்கு மேலே தொப்பி (கிரவுன்) போட்டுக்கொள்வான், இல்லாதவன் பிடுங்கிக்கொள்வான். எங்கள் அம்மா நாற்பது வயதுக்குள் ஐந்து பல்லைப் பிடுங்கிக்கொண்டவள். காப்பாற்ற வழி இருந்தது என்றே யாரும் அவளிடம் சொல்லவில்லை. கையால் வாயை மறைத்துக்கொண்டு சிரிப்பாள். சின்ன வயதில் அது வெட்கம் என்று நினைத்திருந்தேன்.

மே 12-ஆம் தேதி எங்கள் ஊரிலேயே ஒரு டாக்டரம்மா கதவைத் திறந்தார். போனில் ஐந்து நாள் மாத்திரை சொல்லி, வீக்கம் குறைந்ததும் வரச் சொன்னார். கத்திரி வெயில். ஏசி, மின்விசிறி இரண்டையும் நிறுத்தி ஜன்னலையெல்லாம் திறந்து வைத்திருந்தார். பிளாஸ்டிக் அங்கிக்குள் அவருக்கு வியர்வை ஒழுகி, முகத்தடுப்பு ஆவி படிந்து, துடைக்கவும் முடியாமல் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து வேலை செய்தார். ஏரோட்டரைத் தொடவில்லை. பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, பிடுங்கிவிட்டார். "மார்ச்லயே முடிச்சிருந்தா இருந்திருக்கும்பா" என்று அப்பாவிடம் மன்னிப்புக் கேட்கிற மாதிரி சொன்னார். அன்றைக்கு ராத்திரி அப்பா ஏழு மணி நேரம் தூங்கினார். நான் எழுந்து எழுந்து மூச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரித்த ஏழு பேரும் நட்பை முறித்துக்கொண்டு போவதென்றால் போகலாம்.

அந்தப் பெரியவர் எந்த ஊர், யார் வீட்டுக்காரர் என்று தெரிந்தவர்கள் பொதுவில் எழுதாமல் எனக்கு இன்பாக்ஸில் சொல்லுங்கள். காலையில் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன். வாட்ஸ்அப்பில் வீக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் முதலில் பார்க்கிறேன், பாஸுக்கு மருத்துவ அவசரம் என்று நானே கடிதம் எழுதித் தருகிறேன் என்கிறார். வண்டிக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.