செத்தவீடு என்று எழுதின அண்ணனுக்கு

படத்தை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், விளக்கம் தேவையில்லை. உட்துறைமுக வீதித் தேத்தண்ணீர்க் கடையில், மஞ்சள் பெனியனோடு, மேசையில் தலை கவிழ்ந்து இருக்கிற ஆள் நான்தான். திங்கட்கிழமை காலை எட்டு மணி தாண்டி, என்பிஏ என்கிற அமெரிக்கக் கூடைப்பந்துத் தொடரின் பைனலில் என் அணியான இண்டியானா பேசர்ஸ் ஒக்லஹோமாவிடம் தோற்ற கையோடு எடுத்தது. கேட்காமல் எடுத்தது. அதன் மேலே அண்ணன் எழுதினதையும் படித்திருப்பீர்கள்: "அமெரிக்கா தோத்திட்டுதாம், திருமலையில ஒருத்தர் செத்தவீடு கொண்டாடுறார்." சிரிப்பு முகம் போட்டவர்களின் பட்டியலைக் கீழே வரைக்கும் போய்ப் பார்த்தேன். என் சொந்தக்காரரும் இருக்கிறார்கள். நன்றி.

முதலில் ஒரு சின்னத் திருத்தம். அமெரிக்கா தோற்கவில்லை. இண்டியானாவும் அமெரிக்கா, ஒக்லஹோமாவும் அமெரிக்கா. சொல்லப்போனால் எங்களைத் தோற்கடித்த ஒக்லஹோமா வீரர் ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் ரொறன்ரோவில் பிறந்த பெடியன். அண்ணனின் மச்சான்மார் இருக்கிற அதே ரொறன்ரோ. பகிடி விடுகிறவர் அதையாவது பார்த்துவிட்டு விட்டிருக்கலாம்.

நான் யாரிடமும் ஆறுதல் கேட்கவில்லை. பதிவு போடவில்லை, கறுப்புப் படம் வைக்கவில்லை. ஒரு பிளேன்டீயை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். என் அணி தோற்றால் நான் கவலைப்படுவேன். அதைப் பார்த்து "விளையாட்டுத்தானே, இதுக்கெல்லாமா" என்று சொல்லாதீர்கள் என்பதுதான் நான் கேட்பது. இதை விட எளிதாக எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

என்ன தோற்றது என்று தெரியாமல் சிரிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். இண்டியானா பேசர்ஸ் என்பிஏ கிண்ணத்தை ஒரு தடவை கூட வென்றதில்லை. பைனலுக்குப் போனதே 2000இல் ஒரு தடவை, அதுக்குப் பிறகு 2025இல். அந்த வருடம் எங்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் முன்னணி வீரர் டைரிஸ் ஹாலிபர்ட்டனை அளவுக்கு மீறிப் புகழப்படுகிற ஆள் என்று சக வீரர்களே ஒரு கருத்துக்கணிப்பில் முதலிடத்தில் வைத்தார்கள். அதுக்கு அவர் வாயால் அல்ல, கையால் பதில் சொன்னார். பைனல் வரைக்கும் போகிற பிளே ஓஃப் சுற்றுகளில் மில்வோக்கி அணிக்கு எதிராக, மேலதிக நேரத்தில் ஒரு நிமிடம் கூட மிச்சமில்லாத கட்டத்தில் 7 புள்ளி பின்னுக்கு நின்று வென்றோம். கிளீவ்லாண்டை 120க்கு 119. நியூயோர்க்கில் மூன்று நிமிடம் கூட இல்லை, 14 புள்ளி பின்னுக்கு. கடைசி எறிதல் வளையத்தில் பட்டு வானத்துக்குப் போய்த் திரும்பி வந்து உள்ளே விழுந்தது. பைனலின் முதல் ஆட்டத்தில் 0.3 செக்கன் இருக்கும்போது முன்னுக்கு வந்தோம். அந்த ஆட்டம் முழுக்க நாங்கள் முன்னுக்கு நின்றது அந்த 0.3 செக்கன் மட்டும்தான். இப்படி ஒரு அணியோடு ஏப்ரலில் இருந்து விடியக்காலையில் எழும்பிப் பழகினவனிடம் வந்து "விளையாட்டுத்தானே" என்றால் நான் என்ன சொல்ல?

அப்புறம், மூன்றுக்கு மூன்று என்று நின்ற பைனலின் கடைசி ஆட்டம், ஏழாவது ஆட்டம். எங்கள் நேரம் காலை ஐந்தரை. ஹாலிபர்ட்டனுக்கு ஐந்தாவது ஆட்டத்திலேயே கெண்டைக்காலில் காயம். இருந்தும் இறங்கினார், ஏழு நிமிடத்துக்குள் மூன்று தடவை தூரத்தில் இருந்து போட்டு 9 புள்ளி. பிறகு யாரும் தொடாமலே விழுந்தார். குதிகால் தசைநாண் அறுந்துவிட்டது. தரையைக் கையால் அடித்து அழுதார். அவர் இல்லாமலே பாதி ஆட்டம் முடியும்போது 48க்கு 47 என்று நாங்கள்தான் முன்னுக்கு. கடைசியில் 103க்கு 91. எனக்கு அந்தப் 12 புள்ளி கூடப் பெரிதில்லை. தரையில் அடித்த அந்தக் கைதான் இன்னும் போகவில்லை.

"ஒக்லஹோமா 68 ஆட்டம் வென்ற அணி, ஹாலிபர்ட்டன் நின்றிருந்தாலும் தோற்றிருப்பீர்கள்" என்று ஒரு தம்பி கொமென்டில் பாடம் எடுத்திருக்கிறார். இருக்கலாம், தம்பி. நல்ல அணிதான். ஆனால் ஆறாவது ஆட்டத்தில் அதே அணியை 108க்கு 91 என்று அடித்து அனுப்பினதும் நாங்கள்தான், அதே நொண்டிக் காலோடு. அதை மட்டும் ஏன் எழுதவில்லை? இன்னொருவர், "முதல் சுற்றில் மில்வோக்கியின் டேமியன் லில்லார்டுக்கும் இதே காயம்தானே, அப்ப நீ அழுதியா?" என்று கேட்கிறார். அது வேறு. (லில்லார்ட், பொஸ்டனின் டேட்டம், ஹாலிபர்ட்டன். மூன்று பேருக்கும் ஒரே வருடப் பிளே ஓஃபில் ஒரே காயம், மூன்று பேரும் போடுவது 0 இலக்கம். இதைப் பற்றி ஒருநாள் தனியாக எழுதுவேன்.)

"உனக்கும் இண்டியானாவுக்கும் என்ன சம்பந்தம், வரைபடத்தில் காட்டுவியா?" என்கிற கேள்விக்கு வருகிறேன். கேட்டவர் புதிதாக வந்தவர் என்றால் பரவாயில்லை. அண்ணனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்டால்தான் வலிக்கிறது.

சுனாமிக்குப் பிறகு திருக்கடலூரில் எங்களுக்கு உடுத்த உடுப்பைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. முகாமுக்கு நிவாரண உடுப்பு மூட்டை வந்தது. பெரிய ஆட்கள் நல்லதை எடுத்த பிறகு எனக்குக் கிடைத்தது முழங்கால் வரைக்கும் தொங்குகிற ஒரு மஞ்சள் பெனியன். முதுகில் 31, மேலே மில்லர் என்று பெயர். யார் இந்த மில்லர் என்று முகாமில் ஒருவருக்கும் தெரியாது. பிறகு ஒரு நெட் கபேயில் காசு கொடுத்துத் தேடினேன். ரெஜி மில்லர், 1995இல் நியூயோர்க்கில் வைத்து ஒன்பது செக்கனுக்குள் 8 புள்ளி போட்ட ஆள். கிண்ணமே இல்லாமல் 2005 மே மாதம் ஓய்வு பெற்றார். அதாவது நான் ஆளைக் கண்டுபிடித்த நேரம் ஆள் போய்விட்டார். எனக்கு அணி வந்த விதம் இதுதான். கடையில் போய்ப் பத்து அணியில் ஒன்றைத் தெரிவுசெய்து எடுக்கவில்லை.

கிரிக்கெட்டுக்கு மட்டும் இந்த ஊரில் துக்கம் கொண்டாட அனுமதி உண்டு. 2023 செப்டெம்பரில் ஆசியக் கிண்ண இறுதியில் இலங்கை 50 ஓட்டத்துக்குச் சுருண்டபோதும், நவம்பரில் மும்பையில் 55க்குச் சுருண்டபோதும் யார் யார் சாப்பிடாமல் படுத்தார்கள் என்று என்னிடம் பட்டியல் இருக்கிறது. அண்ணனின் பெயர் மேலே இருக்கிறது. நான் படம் எடுத்தேனா? "மச்சான் விடு" என்று தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனது நான்தான்.

கூடைப்பந்து வெளிநாட்டு விசர் என்கிறவர்களுக்கு: மட்டக்களப்பில் வெபர் மைதானம் யார் பெயரில் இருக்கிறது என்று விசாரியுங்கள். கிழக்கில் பெடியன்களுக்குப் பந்தைக் கையில் கொடுத்துப் பழக்கினவர்கள் அமெரிக்காவில் இருந்து வந்த இயேசு சபைக் குருமார். அவர்களில் ஒருவர், யூஜின் ஹெபேர்ட் அடிகளார், பேர்பெற்ற பயிற்றுநர். 1990 ஆகஸ்ட் 15 வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில் கூட வந்த தமிழ்ப் பையனோடு காணாமல் போனார். இன்றுவரைக்கும் தகவல் இல்லை. ஆகவே இந்த விளையாட்டு எங்களுக்குச் சொந்தமா இல்லையா என்று எனக்கு யாரும் சான்றிதழ் தர வேண்டாம்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், தெரிகிறது. ஆனால் அடுத்த நாள் காலை அம்மா கேட்ட கேள்வியைச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குக் கூடைப்பந்தில் எத்தனை பேர் விளையாடுகிறார்கள் என்றே தெரியாது. "அந்தப் பெடியன்ட கால் எப்படியாம்?" என்றார். ஒப்பரேசன் செய்தாச்சாம், அம்மா, திரும்பவும் அப்படி ஒரு நிலைமை வந்தால் திரும்பவும் இறங்குவேன் என்று எழுதியிருக்கிறார் என்றேன். "அவருக்கும் தாய் இருப்பாதானே" என்று சொல்லிவிட்டுச் சாப்பாடு போட்டுத் தந்தார். பிறகு நான் கந்தோருக்கும் போனேன், நேரத்துக்கே. "வேலை வெட்டி இல்லாதவன்" என்று எழுதினவர் குறித்துக்கொள்ளவும்.

படத்தை நீக்கச் சொல்லி அண்ணனுக்கு இன்பொக்சில் எழுதினேன். பார்த்துவிட்டார், பதில் இல்லை. சரி, இருக்கட்டும். ஹாலிபர்ட்டனின் காலைப் பற்றிக் கேட்கிறவர்கள் கீழே கேளுங்கள், தெரிந்த அளவு சொல்கிறேன். ஒக்லஹோமா ஆதரவாளர்களும் மரியாதையாக வரலாம். சிரிப்பு முகம் போடுகிறவர்களை இரவுக்கு நீக்கிவிடுவேன், சொந்தக்காரர் உட்பட.