காபிக்கு 140 லிட்டர் குடிநீர் காலியா?

"ஒரு கப் காபிக்கு 140 லிட்டர் குடிநீர் காலி, காபியை நிறுத்தினால் ஊருக்குத் தண்ணீர் கிடைக்கும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. எண் சரி, அர்த்தம்தான் தப்பு.

2003-இல் நெதர்லாந்தில் சப்பகைன், ஹூக்ஸ்ட்ரா என்ற நீர் ஆய்வாளர்கள் இருவரும் போட்ட கணக்கு அது. 125 மில்லி காபிக்கு 7 கிராம் வறுத்த தூள், அந்த அளவு கொட்டையை விளைவிக்கச் செடி உறிஞ்சிய நீரெல்லாம் சேர்த்துத்தான் 140 லிட்டர். அதில் பெரும்பங்கு தோட்டத்தில் பெய்த மழை. குடகில் மாசி, பங்குனியில் காபிச் செடியைப் பூக்க வைக்கும் பூ மழை தவறினால் ரொபஸ்டா வகைக் காபிக்கு ஸ்பிரிங்க்ளர் போடுவார்கள், அந்தத் தண்ணீரைக் கேள்வி கேட்கலாம், நியாயம். ஆனால் செடி குடித்த மழை, நாம் காபியை விட்டதும் நம் குழாயில் வந்து கொட்டாது.

நிஜமாகவே கவலைப்பட வேண்டிய இடம் பஞ்சாபின் நெல் வயல். அங்கே ஊறுவதைவிட அதிகமாகவே ஆழ்துளைக் கிணறுகள் உறிஞ்சுகின்றன, கொளுத்தும் வெயிலில் வயலில் நீர் கட்ட வேண்டாம் என்று ஜூன் 10-க்கு முன் நாற்று நடவே 2009-இல் சட்டம் போட்டுத் தடுத்தார்கள். அந்த அரிசி ரேஷனுக்காக வெளிமாநிலங்களுக்கு ரயில் ஏறும்போது பஞ்சாபின் நிலத்தடி நீரும் மூட்டையோடு போகிறது. பிரிட்டிஷ் புவியியலாளர் டோனி ஆலன் சொன்ன மறைநீர், அதாவது விளைபொருளுக்குள் மறைந்து பயணிக்கும் நீர், இதுதான்.