பொம்மையைத் தொடக்கூட விடவில்லை

போன சனிக்கிழமை எங்கள் ஜவ்வாது மலையில் நடந்த முதலுதவிப் பயிற்சியின் படங்களை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பேனர், சால்வை, சான்றிதழ், வரிசையாக நிற்கிற நாற்பது பேர். அதில் நானும் ஒருவன். வாழ்த்துச் சொன்ன அத்தனை பேருக்கும் நன்றி. ஆனால் திங்கட்கிழமை நான் போட்ட நாலு வரிக்குக் கீழே ஒரு நண்பர் எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. அதனால் இன்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். 10 மணிக்கு என்று சொன்ன நிகழ்ச்சி 12 மணிக்குத்தான் ஆரம்பித்தது. வந்தவர்களில் பாதிப் பேர் விடிவதற்கு முன்பே நடக்கத் தொடங்கியவர்கள். சாமை அறுப்பு நேரம், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தவர்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, அப்புறம் திரையில் ஆங்கிலத்தில் எழுதிய படங்கள். நெஞ்சை அமுக்கிப் பழகுகிற பொம்மை ஒன்றை மேசை மேல் படுக்க வைத்திருந்தார்கள். அதைச் சுற்றி நின்று படம் எடுத்தார்கள். பயிற்சி மொத்தம் 50 நிமிடம்.

முடிகிற நேரத்தில் பக்கத்து ஊர் அக்கா ஒருவர் எழுந்து, "சார், அத ஒரு தடவ நான் அமுக்கிப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டார். "நேரமாயிடுச்சும்மா, இது விலை ஜாஸ்தி, பத்திரமா திருப்பிக் கொடுக்கணும்" என்றார்கள். அக்கா "சரிங்க" என்று உட்கார்ந்துவிட்டார். சான்றிதழைப் புடவைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு ஏழு கிலோமீட்டர் திரும்பி நடந்தார்.

இதைத்தான் திங்கட்கிழமை எழுதினேன். அதற்கு வந்த பதில்: "அவங்களுக்கு இவ்வளவு சொன்னதே பெருசு. படிக்காதவங்க கையில இதெல்லாம் கொடுத்தா ஆபத்து. 108க்கு போன் பண்ணத் தெரிஞ்சா போதும்." அதற்கு 60 லைக்.

108 மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. 2008ல் தமிழ்நாட்டுக்கு அந்த வண்டி வந்த பிறகு எத்தனை உயிர் பிழைத்திருக்கிறது என்று மலையில் இருக்கிறவனுக்குத் தெரியும். ஆனால் ஜவ்வாது மலையில் எங்கள் ஊர் மாதிரி ஊர்களுக்கு வண்டி வருவதென்றால் முதலில் போன் போக வேண்டும். டவர் கிடைக்க ஒருவர் பாறை மேட்டுக்கு ஓட வேண்டும். வண்டி கிளம்பி, தார் ரோடு முடிகிற இடத்தில் நிற்கும். அங்கு வரைக்கும் நாங்கள் டோலி கட்டித் தூக்கிக்கொண்டு போக வேண்டும். மூங்கில், போர்வை, நாலு ஆள், மாற்றிக்கொள்ள இன்னும் நாலு ஆள். இதற்கெல்லாம் ஆகிற ஒன்றரை மணி நேரம் நோயாளியோடு யார் இருக்கிறார்கள்? டாக்டரா? நர்ஸா? பக்கத்து வீட்டுக்காரர்தான் இருக்கிறார். எப்போதும் முதலில் வந்து சேர்கிறவர் அவர்தான். அவருக்குச் சொல்லிக்கொடுங்கள் என்பதைத் தவிர நான் வேறு எதையும் கேட்கவில்லை.

இதயம் நின்றால் நாலைந்து நிமிடத்தில் மூளை கெட ஆரம்பிக்கும் என்று அந்தத் திரையிலேயே போட்டார்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு அமுக்க வேண்டும் என்றும் போட்டார்கள். ஐந்து சென்டிமீட்டர் எவ்வளவு என்று கையால் அமுக்கிப் பார்க்காமல் யாருக்குத் தெரியும்?

என் சித்தப்பா கதையை இங்கே இதுவரை எழுதியதில்லை.

நான் காலேஜ் இரண்டாம் வருஷம் படிக்கும்போது நடந்தது. ஐப்பசி மழை. சித்தப்பா தரையில் பாய் போட்டுத் தூங்கியவர் நடு ராத்திரி எழுந்து வயிறு வலிக்கிறது என்றார். சித்தி சுக்குத் தண்ணீர் வைத்துக் கொடுத்தார். கடித்த தடம் எதுவும் இல்லை, வீக்கம் இல்லை, பாம்பு என்று யாருக்கும் தோன்றவில்லை. கட்டு விரியன் அப்படித்தான் கடிக்கும், பல நேரம் கடிபட்டவருக்கே தெரியாது என்பதை நான் பிறகுதான் படித்தேன். நாலு மணிக்கு அவரால் கண் இமையைத் தூக்க முடியவில்லை. "தூக்கமா வருதுடா" என்று குழறினார். எச்சில் முழுங்க முடியவில்லை. டோலி கட்டி இறக்கி, ஜீப்பில் ஏற்றி, போளூர் இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் போய்க்கொண்டிருக்கும்போது என் மடியில் மூச்சு நின்றது. கை சூடாக இருந்தது. கழுத்தில் நாடி அடித்துக்கொண்டுதான் இருந்தது, என் விரலுக்குக் கீழே. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தேன். "சித்தப்பா, சித்தப்பா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். கீழே போய்ச் சேரும்போது நாடியும் இல்லை.

பல வருஷம் கழித்து 108ல் வேலை பார்க்கும் நண்பன் ஒருவன் விளக்கினான். அந்த விஷம் மூச்சுத் தசைகளைத்தான் முடக்குகிறது. யாராவது வாய் வைத்து ஊதிக்கொண்டே வந்திருந்தால், ஆம்பு பை என்கிற காற்றுப் பையை அமுக்கிக்கொண்டே வந்திருந்தால், விஷமுறிவு மருந்து கிடைக்கும் வரை உயிரைப் பிடித்து வைக்க வாய்ப்பு இருந்தது. ஜீப்பில் நாங்கள் ஐந்து பேர் இருந்தோம். ஐந்து பேருக்கும் மூச்சு இருந்தது. ஒருத்தருக்கும் தெரியவில்லை. நான் காலேஜ் படித்தவன், எனக்கும் தெரியவில்லை. படிக்காதவர்கள் என்று எழுதினீர்களே நண்பரே, அன்றைக்கு அந்த ஜீப்பில் படிப்பு எதற்கு உதவியது?

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்திருக்கிறார்கள் என்று ஒரு பெரிய ஆய்வு கணக்குச் சொல்கிறது. வருஷத்துக்குச் சராசரியாக 58,000 பேர். பெரும்பாலும் கிராமத்தில்தான். அதில் ஒருவர் என் சித்தப்பா.

"அரைகுறை வைத்தியம் ஆபத்து" என்பதற்கு வருகிறேன். அரைகுறையாகச் சொல்லிக்கொடுத்தால்தான் அரைகுறை. மகாராஷ்டிரத்தில் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் என்ற டாக்டர் தம்பதி, கிராமத்துப் பெண்களுக்குப் பச்சைக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் பழக்கினார்கள். ஊசி போடவும் பழக்கினார்கள். பச்சைக் குழந்தைகளின் சாவு 62 சதவீதம் குறைந்தது என்று 1999ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியானது. அவ்வளவு தூரம் எதற்கு? நம் தருமபுரி மாவட்டம் சிட்லிங்கிக்குப் போய்ப் பாருங்கள். ரெஜி, லலிதா என்ற இரண்டு டாக்டர்கள் 1993ல் ஒரு குடிசையில் ஆரம்பித்த ஆஸ்பத்திரி. அப்போது அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 ஒரு வயதைத் தாண்டவில்லை. அவர்கள் வெளியூரிலிருந்து ஆள் கொண்டுவரவில்லை. உள்ளூர்ப் பெண்களை உட்கார வைத்து, வருஷக்கணக்கில், கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்தப் பெண்களும் பெரும்பாலும் எங்களைப் போல மலையாளிப் பழங்குடிதான் (கேரளத்து மலையாளிகள் இல்லை, இந்த மலைகளில் வாழ்கிற தமிழ் பேசும் ஜனங்கள்). அந்தக் குழந்தைச் சாவு எண்ணிக்கை பிறகு பல மடங்கு குறைந்தது.

கண்ணிவெடி புதைந்து கிடந்த கம்போடியாவிலும் வடக்கு ஈராக்கிலும் 1997லிருந்து ஆயிரக்கணக்கான சாதாரண கிராமத்து ஜனங்களுக்கு இதே முதலுதவியைப் பழக்கினார்கள். காயம்பட்டவர்களில் 40 சதவீதம் பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் அது 15 சதவீதத்துக்கு வந்தது. அங்கேயும் முதலில் ஓடி வந்தது பக்கத்து வீட்டுக்காரர்தான்.

இன்னொரு தோழர் கேட்டது நியாயமான கேள்வி: "ரோடு போடு, டாக்டர் போடுன்னு கேக்க வேண்டிய இடத்துல பயிற்சி கேட்டா, அரசு அதையே சாக்கா வச்சுக்காதா?" வைத்துக்கொள்ளும், அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. ரோடு வேண்டும், டாக்டர் வேண்டும், ராத்திரியிலும் திறந்திருக்கிற ஆரம்ப சுகாதார நிலையம் வேண்டும். எங்கள் அப்பா காலத்திலிருந்து மனுக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். நானே கையால் எழுதியது பதினோரு மனு. ஆனால் ரோடு வருகிற வரைக்கும் பலா மரத்திலிருந்து விழுகிறவன் விழாமல் இருப்பானா தோழர்? போன வருஷம் ஒரு பையன் விழுந்தான். இடுப்பு அசையவில்லை. பாசத்தில் நாலு பேர் ஓடிப்போய் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி உட்கார வைத்தார்கள். விழுந்தவனை அப்படித் தூக்கக் கூடாது, பலகையில் அசையாமல் படுக்க வைக்க வேண்டும் என்று அவர்களுக்கு யார் எப்போது சொன்னார்கள்? அந்தப் பையன் இன்றைக்கும் படுக்கையில்தான்.

கேஸ் ஆகிவிடாதா என்று கேட்டவர்களுக்கு: சாலை விபத்தில் உதவுகிறவர்களைக் காக்க 2019லேயே சட்டத்தில் பிரிவு சேர்த்துவிட்டார்கள். மலையில் உதவினதற்காக எந்தப் பக்கத்து வீட்டுக்காரன் மேலும் யாரும் கேஸ் போட்டு நான் பார்த்ததில்லை.

"அவங்க மந்திரிக்கத்தான் போவாங்க" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதுதான் ரொம்ப வலித்தது. எங்கள் ஊரில் மந்திரிக்கிற தாத்தா ஒருவர் இருக்கிறார். சனிக்கிழமை பயிற்சிக்கு முதலில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தவர் அவர்தான். வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார்: "கடிவாய்க்கு மேல இறுக்கிக் கட்டக் கூடாதுன்னாங்களே வாத்தியாரே, அப்ப என்னதான் பண்ணணும்?" கடிபட்ட காலை மரக்கட்டை வைத்து அசையாமல் கட்டு, கொலுசு மோதிரத்தைக் கழற்று, கீறாதே, நடக்க விடாதே, உடனே கீழே அனுப்பு என்று சொன்னேன். திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அறுபது வருஷமாகக் கயிறு கட்டின கை அது. ஒரு நாளில் மாற்றிக்கொள்ளத் தயாராக இருக்கிறது. உங்களில் எத்தனை பேர் ஒரு நாளில் எதை மாற்றிக்கொண்டிருக்கிறீர்கள்? கோபத்தில் எழுதுகிறேன், தெரிகிறது. எங்களைப் பற்றி எங்களுக்கு முன்னாலேயே பேசுகிறவர்கள் எங்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்பதில்லை என்பது சின்ன வயதிலிருந்தே உறுத்துகிற விஷயம். அது பயிற்சியோடு மட்டும் முடிகிற விஷயமாக எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அந்த அக்கா வீட்டுக்குப் போனேன். அரை மூட்டைச் சாமையைத் திண்ணையிலிருந்து தரைக்கு இறக்கி, எனக்குத் தெரிந்ததைக் காட்டினேன். மூட்டை நெஞ்சு ஆகாது, தெரியும். ஆனால் அக்கா முட்டி போட்டு, ஒரு கை மேல் ஒரு கை வைத்து, முழங்கை மடங்காமல் தோளிலிருந்து எடையை இறக்கினார். உலக்கை பிடித்துப் பழகிய தோள். முப்பது எண்ணி நிறுத்தி, "இப்ப ஊதணுமா?" என்று கேட்டார். வரிசை மறக்கவில்லை. ஆங்கிலத் திரையில் ஒரே ஒரு தடவை வந்த படத்திலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிறார்.

108 நண்பன் அடுத்த மாதம் தன் இரண்டு நாள் லீவில் மேலே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். பள்ளிக்கூட வராந்தாவில் வைத்துக்கொள்கிறோம், ஒரு தடவைக்குப் பத்துப் பேர் மட்டும், எல்லாரும் கையால் செய்து பார்க்கிற வரைக்கும். பேனர் கிடையாது. யாரிடமாவது பழைய பயிற்சிப் பொம்மை இருந்தால், தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கள். ஒரு ஆம்பு பையும் வேண்டும். போளூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அனுப்பினால் போதும், அங்கிருந்து நான் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.