தோற்பதற்கென்றே ஒரு வாக்கெடுப்பு

2025 டிசம்பர் 11, வியாழக்கிழமை அமெரிக்க செனட்டில் மருத்துவக் காப்பீட்டு மானிய நீட்டிப்பு தோற்றதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நம் ஊர்த் தமிழர் வாட்ஸ்அப் குழுவில் அன்று மாலையே வந்த செய்தியையும், அதற்குக் கீழே வரிசையாக விழுந்த கைதட்டல்களையும் பார்த்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. "நல்லது, இலவசத்துக்கு ஒருவழியாக முடிவு வந்தது." எழுதியவர் யார் என்று குழுவில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும். பெயர் வேண்டாம். அவர் வீட்டில் நான் பலமுறை சாப்பிட்டிருக்கிறேன்.

என் கோபம் முதலில் செனட்டின் மீதுதான். தனியாகக் காப்பீடு வாங்குகிறவர்களின் பிரீமியத்தில் ஒரு பகுதியை அரசு கட்டுகிறதே, 2021இல் கூட்டிய அந்த ஒபாமாகேர் மானியம் நீட்டிக்கப்படவில்லை என்பது ஒரு வருத்தம். அதைவிடப் பெரிய கோபம், தோற்கும் என்று தெரிந்தே, தோற்பதற்கென்றே அந்த வாக்கெடுப்பை வைத்தார்கள் என்பது. ஒரே நாளில் இரண்டு மசோதாக்கள். ஜனநாயகக் கட்சி மூன்று ஆண்டு நீட்டிப்பு கேட்டது. குடியரசுக் கட்சி சார்பில் செனட்டர்கள் கிரேப்போவும் காசிடியும் ஒரு மாற்று கொண்டுவந்தார்கள். அதற்கும் 51-48, இதற்கும் 51-48. ஆதரவு 51, மசோதா முன்னே போகவே தேவையோ 60. வாக்கெடுப்பு தொடங்குவதற்கு முன்பே முடிவு எல்லோருக்கும் தெரியும். சாப்பாடு தீர்ந்துவிட்டது என்று தெரிந்துகொண்டே இலை போட்டு எங்களைப் பந்தியில் உட்கார வைத்தார்கள்.

அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாட்கள் அரசாங்கத்தை மூடி வைத்திருந்தது எதற்காக? இந்த மானியத்துக்காகத்தானே? அதுவரை அமெரிக்க வரலாற்றில் இருந்ததிலேயே நீண்ட முடக்கம். விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை செய்கிறவர்கள் சம்பளமில்லாமல் வேலைக்கு வந்தார்கள். உணவு மானிய அட்டையில் பணம் ஏறுமா ஏறாதா என்று மக்கள் தவித்தார்கள். கடைசியில் ஜனநாயகத் தரப்பிலிருந்து எட்டுப் பேர் இறங்கிவந்து முடக்கத்தை முடித்தார்கள். பதிலுக்குக் கிடைத்தது ஒரு வாக்குறுதி: டிசம்பர் இரண்டாவது வாரத்துக்குள் வாக்கெடுப்பு நடக்கும் என்றார் குடியரசுக் கட்சியின் செனட் பெரும்பான்மைத் தலைவர் தூன். நிறைவேறும் என்று சொல்லவில்லை, நடக்கும் என்றார். நடந்தது. சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார்கள். எங்களுக்கு என்ன கிடைத்தது?

இரு தரப்பையும்தான் சொல்கிறேன். வருமான வரம்பு வைத்து ஓரிரு ஆண்டுகளுக்கு நீட்டிக்கலாம் என்று பேசிய குடியரசுக் கட்சியினர் சிலர் இருந்தார்கள். காலின்ஸ், முர்கோவ்ஸ்கி, சல்லிவன், ஹாலி என நான்கு பேர் மூன்று ஆண்டு நீட்டிப்புக்கே வாக்களித்தார்கள். அவர்களோடு உட்கார்ந்து பேசி ஒரு நடுவழி கண்டிருக்க முடியாதா? ஜனநாயகக் கட்சிக்கு அடுத்த தேர்தலில் "பாருங்கள், எதிர்த்து வாக்களித்தவர்கள்" என்று காட்ட ஒரு பட்டியல் வேண்டியிருந்தது. அந்தப் பக்கத்துக்கும் "நாங்களும் ஒரு திட்டம் கொண்டுவந்தோமே" என்று காட்ட ஒரு தாள் வேண்டியிருந்தது. இரண்டும் கிடைத்துவிட்டன.

அந்தத் தாளில் என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் குழுவில் அதைப் படிக்காமலேயே பாராட்டினார்கள். 50 வயதுக்குக் கீழே இருப்பவருக்கு ஆண்டுக்கு 1,000 டாலர், 50 முதல் 64 வரை 1,500 டாலர், மருத்துவச் சேமிப்புக் கணக்கில் போடுவார்கள். அதுவும் பிரீமியம் குறைவாகவும் கைச்செலவு அதிகமாகவும் உள்ள வெண்கலத் திட்டமோ அதற்கும் கீழான திட்டமோ எடுத்தால்தான். அந்தப் பணத்தை பிரீமியம் கட்டப் பயன்படுத்த முடியாது. வெண்கலத் திட்டம் என்றால், 2026இல் ஒருவர் ஆண்டுக்கு 10,600 டாலர் வரை கையிலிருந்து செலவழிக்க நேரலாம். 1,500 எங்கே, 10,600 எங்கே?

இப்போது எங்கள் வீட்டுக் கணக்கு. இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எண்களைச் சொல்லாமல் பேசுவதால்தான் எல்லோரும் வாய்க்கு வந்ததைப் பேசுகிறார்கள்.

என் கணவருக்கு 61 வயது, எனக்கு 57. அவர் வேலை பார்த்த நிறுவனம் ஆட்குறைப்பு செய்தபோது பதினாறு ஆண்டு அனுபவத்தோடு வெளியே வந்தார். அந்த வயதில் நிரந்தர வேலை யார் தருவார்கள்? ஒப்பந்த வேலைகள் செய்கிறார். நான் சிறிய கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன், வரிக் காலத்தில் வரிப் படிவங்கள் செய்து தருகிறேன். இருவர் வருமானமும் சேர்ந்து ஆண்டுக்கு 88,000 டாலர் வரும். 2025இல் மானியம் போக மாதம் 620 டாலர் காப்பீட்டுக்குக் கட்டினோம். இலவசம் என்கிறீர்களே, அந்த 620 யார் கட்டியது?

நவம்பரில் 2026ஆம் ஆண்டுக்கான விலை வந்தது. இரவுச் சாப்பாடு முடிந்து அதே மேசையில் மடிக்கணினியை வைத்து உட்கார்ந்தோம். வருமானம் 88,000 என்று போட்டேன்: மாதம் 2,310 டாலர். மானியம் என்ற இடத்தில் பூஜ்யம். 84,700 என்று மாற்றினேன்: அதே 2,310. 84,500 என்று போட்டேன்: 701. என் கணவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "திரும்பப் போடு" என்றார். திரும்பப் போட்டேன். அதேதான். 2026 காப்பீட்டுக்கு, இருவர் உள்ள குடும்பத்துக்கு 84,600 டாலர் என்பது வறுமைக்கோட்டின் நான்கு மடங்கு. அதற்கு மேலே ஒரு டாலர் போனாலும் மானியம் முழுவதும் போய்விடும். 2021இல்தான் அந்த வரம்புக் கோட்டை நீக்கினார்கள். 2026 ஜனவரி 1ஆம் தேதி அது திரும்ப வந்தது. 200 டாலர் அதிகம் சம்பாதித்தால் 19,000 டாலருக்கு மேல் கூடுதலாகக் கட்ட வேண்டும். ஆண்டு நடுவில் தெரியாமல் கோட்டைத் தாண்டிவிட்டால், அதுவரை வாங்கிய மானியம் மொத்தத்தையும் வரி கட்டும்போது திருப்பித் தர வேண்டும்.

அதனால் என்ன செய்தோம் தெரியுமா? அவருக்கு வந்திருந்த நான்கு மாத ஒப்பந்த வேலை ஒன்றை வேண்டாம் என்று எழுதி அனுப்பினார். 61 வயதில், வேலை தேடித் தேடி அலைந்த மனிதர், வந்த வேலையைத் தன் கையால் திருப்பி அனுப்பினார். அந்த மின்னஞ்சலைத் தட்டச்சு செய்துவிட்டு வெகுநேரம் அனுப்பாமல் வைத்திருந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். மானியம் மனிதர்களைச் சோம்பேறியாக்குகிறது என்று குழுவில் ஒருவர் எழுதியிருந்தாரே, அவருக்குச் சொல்கிறேன்: மானியம் இருந்தவரை இவர் எல்லா வேலைக்கும் போனார். அதை வெட்டிய பிறகுதான் வேலையை மறுக்க வேண்டியிருக்கிறது. ஓய்வூதியக் கணக்கில் பணம் போட்டு வருமானத்தைக் குறைத்துக் காட்டலாமே என்பார்கள். என் வாடிக்கையாளர்களுக்கு நானே சொல்லும் வழிதான் அது. போட்டு வைக்க மிச்சப் பணம் வேண்டாமா?

"அது கொரோனா காலத்துத் தற்காலிக உதவிதானே, 2025 முடிவு என்று தேதி வைத்ததே ஜனநாயகக் கட்சிதானே" என்று கேட்பீர்கள். ஆமாம், அவர்கள்தான் வைத்தார்கள். 2021இலும் 2022இலும் எதிர்க்கட்சியிலிருந்து ஒரு வாக்குகூட இல்லாமல் நிறைவேற்றிய சட்டங்கள் அவை. செலவுக் கணக்கு பெரிதாகத் தெரியக்கூடாது என்று குறுகிய காலம் வைத்தார்கள். அந்தத் தவறுக்கு அவர்களைத் திட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் தேதி போட்டவர்கள் அவர்கள், தண்டனை எங்களுக்கா?

"நிரந்தரமாக்கினால் பத்தாண்டுக்கு 350 பில்லியன் டாலர் செலவு, யார் வரிப்பணம்?" நியாயமான கேள்வி என்று நினைத்துத்தான் கேட்கிறீர்கள். நான் வரிப் படிவம் செய்கிறவள், அதனால் பதில் சொல்கிறேன். கம்பெனி ஆண்டுதோறும் தரும் டபிள்யூ-2 என்ற சம்பளப் படிவத்தில் 12ஆம் கட்டத்தில் டிடி என்ற எழுத்துக்கு எதிரே ஒரு தொகை இருக்கும். உங்கள் காப்பீட்டுக்கு நீங்களும் கம்பெனியும் சேர்ந்து கட்டியது அது. குடும்பக் காப்பீடு என்றால் 2025இல் சராசரி ஏறத்தாழ 27,000 டாலர். அதில் கம்பெனி கட்டும் பெரும்பகுதிக்கு நீங்கள் ஒரு சென்ட்கூட வருமான வரி கட்டுவதில்லை. இந்த நாட்டு அரசு விட்டுக்கொடுக்கும் மிகப் பெரிய வரிச்சலுகைகளில் ஒன்று அதுதான். அதைப் பெறுகிறவர்கள் எங்களைப் பார்த்து இலவசம் என்கிறார்கள். உங்களுக்கு வந்தால் சலுகை, எங்களுக்கு வந்தால் இலவசமா?

மானியப் பணம் காப்பீட்டு நிறுவனங்களுக்குத்தான் போகிறது என்பதையும் கேட்டுவிட்டேன். உங்கள் கம்பெனி கட்டும் பணமும் அங்கேதான் போகிறது. விட்டுவிடுங்கள்.

பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இதே சண்டை. 2009 டிசம்பர் 24 காலையில் ஒபாமாகேர் சட்டம் செனட்டில் 60-39 என்று நிறைவேறியபோதும், மறு ஆண்டு மார்ச்சில் கீழவையில் 219-212 என்று முடிந்தபோதும் ஒரு குடியரசுக் கட்சி வாக்குகூட இல்லை. 2013இல் அதை நிறுத்துவதற்காக 16 நாட்கள் அரசாங்கம் முடங்கியது. எங்கள் டெக்சாஸ் செனட்டர் குரூஸ் 21 மணி நேரத்துக்கும் மேல் நின்று பேசினார். அப்போது நாங்கள் கம்பெனிக் காப்பீட்டில் இருந்தோம், தொலைக்காட்சியில் பார்த்தோம். 2017 ஜூலை 28 நள்ளிரவுக்குப் பிறகு குடியரசுக் கட்சி செனட்டர் மெக்கெய்ன் கட்டைவிரலைக் கீழே காட்டினார், 49-51 என்று ஒழிப்பு மசோதா வீழ்ந்தது. அந்த மனிதரின் மற்ற அரசியலில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்த இரவு அவர் போட்ட வாக்குக்கு ஒரு விளைவு இருந்தது. ஜெயிக்கவும் தோற்கவும் வாய்ப்புள்ள வாக்கெடுப்பு அது. இந்த டிசம்பர் வியாழக்கிழமை நடந்தது அப்படியா?

இந்தச் சட்டம் முழுதாக நடைமுறைக்கு வந்த 2014க்கு முன்பு இருந்த நிலைமையாவது நினைவிருக்கிறதா? என் கணவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். அந்தக் காலமாக இருந்திருந்தால் தனியாகக் காப்பீடு வாங்கப் போனவரை எந்த நிறுவனமும் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும். "ஒழித்துவிட்டு மேலானதைக் கொண்டுவருவோம்" என்று 2010 முதல் சொல்கிறார்கள். அந்த மேலானது எங்கே? சேமிப்புக் கணக்கில் 1,500 டாலர்தானா?

இதற்கெல்லாம் நடுவில் ஒரு தம்பி தனியாகச் செய்தி அனுப்பினார். "அக்கா, அரசியல் எதற்கு? அண்ணனை வருடம் ஒரு முறை ஊருக்கு அழைத்துப் போய் வைத்தியம் பார்த்துக்கொள்ளுங்கள், மதுரையில் எல்லா வசதியும் இருக்கிறது." அன்போடுதான் சொல்லியிருப்பார். ஆனால் தம்பி, அவருக்கு நெஞ்சு வலி வந்தது பிப்ரவரி மாதம் அதிகாலை மூன்று மணிக்கு. சட்டையை வியர்வை நனைத்திருந்தது, இடது கையைத் தூக்க முடியவில்லை. டாலஸிலிருந்து மதுரைக்கு ஒரு நாளுக்கு மேல் ஆகும். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிடுவதா, டிக்கெட் பார்ப்பதா? இந்த மண்ணில்தான் வரி கட்டுகிறோம், இங்கேதான் வாக்களிக்கிறோம். எங்கள் நோய்க்கு மட்டும் வேறு தேசமா?

எனக்கு வலிப்பது இதுதான். செனட்டர்கள் என்னைத் தெரியாதவர்கள். குழுவில் கைதட்டியவர்களில் பாதிப் பேர் அன்று மருத்துவமனைக்கு ரசம் சாதம் கொண்டுவந்தவர்கள். அதே கைகள் இன்று "முடிவு வந்தது" என்பதற்குத் தட்டுகின்றன. எங்களை நினைத்துத் தட்டவில்லை என்று எனக்குத் தெரியும். மானியம் வாங்குகிறவர்கள் என்றால் யாரோ, எங்கோ என்றுதான் நினைத்திருப்பார்கள். நம் குழுவிலேயே எத்தனை பேர் வாங்குகிறார்கள் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் அவர்களின் படிவங்களை நான்தான் செய்கிறேன். வீட்டில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண், மளிகைக் கடை வைத்திருப்பவர், வேலை போனதை இன்னும் யாரிடமும் சொல்லாமல் தினமும் காரை எடுத்துக்கொண்டு வெளியே போகிற ஒருவர். அவர்களும் அந்தச் செய்தியைப் படித்தார்கள். படித்துவிட்டு மௌனமாக இருந்தார்கள். நான் பேசுவது அவர்களுக்காகவும்தான்.

எங்கள் செனட்டர்கள் கார்னின், குரூஸ் இருவரின் அலுவலகங்களுக்கும் வெள்ளிக்கிழமை தொலைபேசினேன். பெயரும் அஞ்சல் குறியீடும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை மறுபடி கூப்பிடுவேன். நீங்களும் கூப்பிடுங்கள், எந்தக் கட்சிக்கு வாக்களித்திருந்தாலும்.

2026 ஜனவரி 1 முதல் காப்பீடு வேண்டும் என்றால் பதிவு செய்யக் கடைசி நாள் 2025 டிசம்பர் 15 ஆக இருந்தது. விலையைப் பார்த்து பயந்துபோய்ப் பதிவை ரத்து செய்துவிடாதீர்கள். உங்கள் வருமானம் கோட்டுக்கு மேலே வருகிறதா கீழே வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். குழப்பமாக இருந்தால் எனக்கு எழுதுங்கள், கட்டணம் எதுவும் வேண்டாம். ஞாயிறு மதியம் முழுவதும் வீட்டில்தான் இருப்பேன். போன வருடத்து வரிப் படிவத்தையும் இப்போதைய திட்டத்தின் அட்டையையும் எடுத்து வாருங்கள்.